நீதி கேட்கும் கைகள் தூயனவாகட்டும்

(கிளிநொச்சி மாவட்டத்திற் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வேண்டிய பொருளாக "நடுவுநிலைமை" என்பதைத் தந்திருக்கிறீர்கள். அரசியற்காரன் ஒருவனை நடுவுநிலைமையைப் பற்றிப் பேசச் சொல்வது, கள்ளுத் தவறணைக்காரனை மதுவிலக்கைப் பற்றிப் பேசச் சொல்வது போன்றது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆகையால், பிறர் குற்றத்தை மட்டும் எடுத்துரைத்துவிட்டுக் கைதட்டலோடு இறங்கிப் போகும் பேச்சாக இதனை நான் ஆக்கப் போவதில்லை. அரசு நமக்குச் செய்த அநீதியைச் சொல்வேன். நாம் பிறர்க்குச் செய்த அநீதியையும் சொல்வேன். இறுதியில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்வேன்.

நன்றியும் நடுவுநிலையும்

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். அது நூலின் பன்னிரண்டாம் அதிகாரம். அதற்கு முந்திய அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். இந்த இரண்டும் ஏன் அடுத்தடுத்து வைக்கப்பட்டன என்பதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் ஒரு காரணம் கூறுகிறார். நமக்கு உதவி செய்தவரிடத்தில் அந்த உதவியை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதைந்துவிடக்கூடும். அங்கும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து.

இதனை நன்கு சிந்தியுங்கள். நடுவுநிலைமையைக் கெடுப்பது பகைமை என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். பகைமையைக் கண்டுகொள்வது எளிது. பகைவனுக்கு அநீதி செய்பவனை ஊர் கண்டிக்கும். உறவினனுக்கும் உதவியவனுக்கும் சலுகை செய்பவனையோ ஊர் "நன்றியுள்ளவன்" என்று புகழும். புகழோடு வரும் கேடு ஆதலால் இதுவே பெருங் கேடு.

மகாவம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை இயற்றியவர்கள் பௌத்த பிக்குகள். அவர்களுடைய காவிய நாயகன் துட்டகைமுனு. எனினும், அவன் எதிர்த்துப் போரிட்ட தமிழ் மன்னன் எல்லாளன் அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்டான் என்றும், வழக்கென்று வந்தவரில் நண்பன் என்றும் பகைவன் என்றும் பாராது சமமாக நீதி வழங்கினான் என்றும் அந்நூல் கூறுகின்றது. கன்றின் மேல் தேரை ஏற்றிய தன் மகனையே அவன் தண்டித்த கதையையும் அது சொல்கின்றது. இந்தக் கதையை நாம் மேடைகளிற் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அதற்குள் இருக்கும் பாடம் இரண்டு. எதிரியின் வரலாற்றை எழுதியவரும் எதிரியின் நற்குணத்தை மறைக்கவில்லை என்பது ஒன்று. அரசன் தன் தராசிலே முதலில் வைத்தது தன் சொந்த மகனை என்பது மற்றொன்று. இரண்டாவது பாடத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

சொல் ஒன்று, சுமை வேறு

இனி இந்நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்தபோது நமக்கிருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒரு சமூகத்தார்க்கோ சமயத்தார்க்கோ ஏனையோர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது. ஒரு சமூகத்தார்க்கு மட்டும் ஏனையோர்க்கு இல்லாத சலுகையை வழங்கும் சட்டமும் செல்லாது. இதுவே அப்பிரிவின் சாரம். சிறுபான்மையோர் பலர் இதனை நம்பியே சுதந்திரத்தை வரவேற்றனர்.

நடந்தது என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்தவன் ஒருவன் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமானால், அவன் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்ப முறையொன்றை ஏற்படுத்தியது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம், பிரசையாக இருப்பவர்க்கே வாக்கு என்று விதித்தது.

இந்தச் சட்டங்களின் சொற்களைப் படித்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் "தமிழன்" என்றோ "தோட்டத் தொழிலாளி" என்றோ ஒரு சொல்லும் இல்லை. விதி எல்லோர்க்கும் ஒன்று. ஆயின், பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்திற் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் சான்று காட்டுமாறு குருநாகற் கமக்காரனை யார் கேட்டார்கள்? யாழ்ப்பாணத்து வாத்தியாரை யார் கேட்டார்கள்? இச்சபையில் இருப்போரிலே எத்தனை பேர் தம் பூட்டனாரின் பிறப்புச் சான்றினை நாளைக் காலை கொண்டுவந்து காட்ட முடியும்? கேள்வி எல்லோர்க்கும் பொதுவாக எழுதப்பட்டது. கேட்கப்பட்டதோ, கொழுந்து கூடையைச் சுமந்தவரிடம் மட்டுந்தான்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றிருந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அதற்கு ஓர் ஆசனமும் இல்லை. மக்கள் மனம் மாறினார்கள் என்பதன்று காரணம். மக்களின் பெயர்களே வாக்காளர் இடாப்பில் இல்லாமற் போயின.

இது நீதிமன்றத்துக்கும் சென்றது. கோடகன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்க மறுத்ததே வழக்கு. மீளாய்வு செய்த அலுவலர், இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று அவர் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதனை மாற்றியது. இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் 1953இல் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தது. தன் பிரசைகள் யார் என வரையறுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம். இச்சட்டம் ஒரு சமூகத்தைச் சமூகம் என்ற முறையில் முடமாக்கவில்லை. விண்ணப்பித்துப் பிரசையாகும் வழியும் இருக்கின்றது என்பது அந்நியாயசபையின் பார்வை.

சட்ட மாணவனாக இந்தத் தீர்ப்பை நான் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். அதன் குறையையும் அன்றே எழுதினேன். சொல் சமமாக இருக்கின்றதா என்று பார்த்த நீதிபதிகள், சுமை சமமாக இறங்கியதா என்று பார்க்கவில்லை என்பதே நான் எழுதியது. அந்த மாணவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவனிடம் மீண்டும் வருவேன்.

அந்தச் சுமையைச் சுமந்த மக்களுக்கு நடந்தது நீங்கள் அறிந்ததே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், அவர்களைக் கேளாமலே, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், மீதி 150,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படுமென்றும் எழுதப்பட்டது. 1974இல் அந்த மீதியை இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழிசெய்த சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. 1948இல் ஒரு வாக்கியத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டுகள் சென்றன.

வழங்கப்படாத தீர்ப்பு

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. சிங்களத் தேர்ச்சி பெறாத காரணத்தாற் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட தமிழ் அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அந்த மொழிச் சட்டமே 29ஆம் பிரிவை மீறுவது என்று தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின் மேல் வழக்காட முடியாது என்று கூறி, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியைத் தொடாமலே வழக்கைத் தள்ளியது. 1969இல் பிரிவிக் கவுன்சில், ஊழியன் வழக்காடலாம் என்று தீர்த்து, முக்கியமான கேள்வியை ஆராயுமாறு உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

அந்தக் கேள்விக்கு விடை வரவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லாமற் போயிற்று. தராசு சரியில்லை என்று முறையிட்டவனுக்கு விடையளிக்கும் முன்னே தராசையே அகற்றிவிட்டார்கள்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று சொல்கின்றது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்லிற்று. சொற்கள் கிடைத்துவிட்டன. தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்த அலுவலர் ஒருவரைத் தேடி அலைந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள் ஆதலால், சொல்லுக்கும் சுமைக்கும் உள்ள தூரத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் கைகள்

இதுவரை நான் சொன்னவற்றுக்கு நீங்கள் தலையசைத்தீர்கள். இனிச் சொல்வதற்கும் தலையசைக்க வேண்டுமென்று கேட்கமாட்டேன். பொறுமையோடு கேளுங்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆங்கிலேயரின் ஒப்புரவு நீதியில் ஒரு விதி உண்டு. நியாயம் வேண்டி மன்றுக்கு வருபவன் தூய கைகளோடு வரவேண்டும் என்பது அது. எதிராளி எவ்வளவு பெரிய குற்றவாளியாயினும், வழக்காளியின் கையும் அதே விடயத்தில் அழுக்காயிருந்தால், மன்று தன் உதவியை மறுக்கலாம். நம் கைகளைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

ஏறக்குறைய 1930ஆம் ஆண்டில், அரசாங்க உதவி பெறும் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு பிள்ளை தரையை விட்டு வாங்கில் ஏறுவதை நம்மவர் எதிர்த்தனர். மனுப்போட்டார்கள். பாடசாலைக் கொட்டில்கள் சிலவற்றுக்குத் தீயும் வைத்தார்கள். தேநீர்க் கடையிலே ஒருவனுக்குப் பேணியும் மற்றொருவனுக்குச் சிரட்டையுமாக வார்த்த காலத்தை நேரிற் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இக்கொடுமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதனை நிறைவேற்றிய பாராளுமன்றம் எது? ஓராண்டுக்கு முன் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றிய அதே பாராளுமன்றம். நம் மொழிக்கு நீதி மறுத்த சபையிடமிருந்து, தமிழன் தமிழன் கடையில் ஒரு பேணி தேநீர் குடிக்கும் உரிமையை ஒரு தமிழன் பெறவேண்டியிருந்தது. இதைவிட வெட்கக்கேடான நிலை ஓர் உரிமைப் போராட்டத்துக்கு வேறு உண்டா? சட்டம் வந்த பின்னும் 1966இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது எனக்கு அழகன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழ்ந்த 70,000க்கு மேற்பட்டோர் வீட்டையும் கடையையும் பள்ளிவாசலையும் விட்டு நடந்தார்கள். "அது ஆயுதம் ஏந்தியவர்கள் செய்தது, நாம் செய்யவில்லை" என்று சொல்லலாம். அச்சத்தால் வாய் மூடியிருந்தோம் என்பதும் உண்மையே. ஆயினும் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர், திரும்பி வந்தவர்களின் காணிக்கும் வீட்டுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் முன்சென்றோம்? அந்தக் கேள்விக்கு அச்சம் விடையாகாது.

"முதலில் நம் இனத்தின் உரிமையை வெல்வோம், வீட்டுக்குள் இருக்கும் குறைகளைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களின் நாட்டத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் இந்த வாதம் எனக்குப் பழக்கமானது. "முதலில் நாட்டை முன்னேற்றுவோம், சிறுபான்மையோர் குறையைப் பிறகு பார்ப்போம்" என்று கொழும்பிலே நமக்குச் சொல்லப்பட்டதும் இதே வாதந்தான். பிறகு என்ற நாள் நமக்கு வந்ததா? நம்மிடம் முறையிடுகிறவனுக்கு மட்டும் அது எப்படி வரும்?

நான் எழுதிய பட்டியல்

இனி நான் வாக்களித்தபடி என் தவறைச் சொல்கிறேன்.

போர் முடிந்து மக்கள் ஊர் திரும்பிய காலம். 2011ஆம் ஆண்டளவில், வன்னியில் ஒரு கிராமத்துக்கு வீட்டுத் திட்டமொன்று வந்தது. வீடுகள் அறுபது. விண்ணப்பித்தவர்கள் தொண்ணூறு குடும்பத்துக்கு மேல். பயனாளிகளைத் தெரிவு செய்ய உதவும் ஐவர் குழுவொன்றில் என்னையும் சேர்த்தார்கள். நான் சட்டம் படித்தவன், நடுநிலையாளன் என்பது ஊரவர் நம்பிக்கை. சண்டை சச்சரவு வராதிருக்க எல்லோர்க்கும் பொதுவான விதியொன்று வேண்டும் என்று குழுவுக்கு எடுத்துச் சொன்னவன் நானே. காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டுபவர்க்கே வீடு என்று விதி எழுதினோம். யார் என்று பாராத விதி. நானும் பெருமிதத்தோடு கையொப்பம் வைத்தேன்.

அந்தக் கிராமத்தின் குளக்கட்டுக்குக் கீழே பதினொரு குடும்பங்கள் இருந்தன. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். காட்டை வெட்டியவர்கள் அவர்கள். பிறர் வயலில் நாற்று நட்டவர்கள் அவர்கள். போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் அவர்கள். பட்டியல் ஒட்டப்பட்ட நாளில், அவர்களுள் ஒரு பெயரும் அதில் இல்லை.

அன்று மாலை முதிய தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கோபித்துப் பேசவில்லை. "ஐயா, எல்லார்கிட்டயும் உறுதி கேட்டீங்க, சரி. எங்களுக்கு உறுதி யாரு குடுத்தா, நாங்க கொண்டாந்து காட்டுறதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு விடை வரவில்லை. பாட்டனின் சான்றைக் காட்டு என்று இதே மக்களைக் கேட்ட 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறையைப் பரீட்சைத் தாளில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அதே மக்களின் பேரப்பிள்ளைகளிடம், அதே வகைக் கேள்வியை, என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். சொல் சமமாக இருந்தது. சுமை அந்தப் பதினொரு குடும்பத்தின் மேல் மட்டும் இறங்கியது.

இதனோடு முடிந்திருந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பியிருப்பேன். அன்றிரவு பட்டியலை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதிலே ஒரு பெயருக்கு எதிரே "பத்திரம் பின்னர் தருவார்" என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. அவர் எங்கள் கட்சி வேலைக்காக வெயிலென்றும் மழையென்றும் பாராது அலைந்தவர்; தன் வீட்டுத் திண்ணையைக் கூட்டத்துக்குத் தந்தவர். அவர் கேட்கவுமில்லை. நானாகவே எழுதினேன். எழுதியபோது தவறு செய்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. செய்ந்நன்றி மறவாதவன் என்றே என்னைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். பரிமேலழகர் சுட்டிய இடம் எதுவென்று அந்த இரவில் எனக்கு விளங்கியது.

மறுநாட் குழுவைக் கூட்டி, இரண்டையும் சொன்னேன். அந்த அன்பரிடமும் நேரிற் சென்று சொன்னேன். அவர் மனம் நொந்தார். சில ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. பட்டியலை முழுமையாக மாற்ற முடியவில்லை. கிராம அலுவலரின் வதிவுச் சான்றை வைத்து மூன்று குடும்பங்களைச் சேர்க்க முடிந்தது. ஏனையோர்க்காகக் காணிக் கச்சேரிக்கு மனுப்போட்டு, ஈராண்டுக்குப் பின் ஐந்து குடும்பங்களுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. மற்ற மூன்று குடும்பங்கள் அதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டன. அவர்கள் எங்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் எழுதிய ஒரு விதியின் விலை அது.

வயல் கற்றுத்தரும் நீதி

அப்படியானால் நடுவுநிலைமை என்பதுதான் என்ன? கமக்கார அன்பர்களே, அதைச் சட்டப் புத்தகத்தைவிட உங்கள் சிறுபோகம் நன்றாகக் கற்றுத்தரும்.

சிறுபோகத்திற் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாத ஆண்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஏக்கருக்கு இவ்வளவு நேரம் தண்ணீர் என்று எல்லோர்க்கும் ஒரே அளவாக விதித்தால், துருசடியில் இருப்பவன் வயல் விளையும். வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவன் வயலுக்கு ஈரமும் எட்டாது. ஆகவே குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் விதைப்பதென்று தீர்மானித்து, அந்த நிலத்தைக் கடைக்கோடிக் காரனுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறீர்கள். சிங்களக் கிராமங்களில் இதனைப் "பெத்ம" என்பார்கள். வன்னிக் குளங்களிலும் சிறுபோகக் காணியைப் பங்கிடும் வழக்கம் உண்டு. துருசடி வயற்காரன் அந்தப் போகத்துக்குத் தன் நிலத்தில் ஒரு பகுதியை அயலானுக்கு விட்டுக்கொடுக்கிறான். அதைத் தானம் என்று யாரும் சொல்வதில்லை. அது முறை. நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்து வகுத்த முறை.

நம் குழுக்களும் சங்கங்களும் சபைகளும் இந்த முறையையே கைக்கொள்ள வேண்டும். கமக்கார அமைப்பு, கூட்டுறவுச் சங்கம், கோயிற் பரிபாலன சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று எதுவாயினும், தீர்மானம் எடுக்கும் முன் நான்கு காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பாதிக்கப்படக் கூடியவனை அழைத்து அவன் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தாயைப் பட்டியல் எழுதும் முன் நாங்கள் அழைத்திருந்தால், விதியே வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, உங்களுக்கு நன்மையோ நன்றிக்கடனோ உள்ள விடயத்தில் எழுந்து வெளியே போய்விடுங்கள். இங்கிலாந்திலே பிரபுக்கள் சபை 1852இல் ஒரு வழக்கில், நாட்டின் தலைமை நீதியமைச்சராகிய கொட்டன்ஹாம் பிரபு கொடுத்த தீர்ப்பையே தள்ளிவைத்தது. வழக்காடிய கால்வாய்க் கம்பனியில் அவருக்குப் பங்கு இருந்தது என்பதே காரணம். அவர் மனமறிந்து ஒருபக்கம் சாய்ந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒருவனும் இருக்கலாகாது என்ற விதியைக் காப்பாற்ற அது வேண்டியிருந்தது. அவ்வளவு பெரியவருக்கே இவ்விதி என்றால், நம் கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கு விலக்கு ஏது?

மூன்றாவது, விதி எழுதியவுடன், அதனால் விடுபடுவோர் யார் யார் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். விடுபட்டவர் எல்லோரும் ஒரே குறிச்சியாராக, ஒரே சாதியாராக, ஒரே சமயத்தாராக, அல்லது எல்லோரும் கணவனை இழந்த பெண்களாக இருந்தால், விதியின் சொல் எவ்வளவு அழகாயிருப்பினும் அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

நான்காவது, தீர்மானத்தையும் அதன் காரணத்தையும் எழுத்தில், தமிழில், எல்லோரும் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். "பத்திரம் பின்னர் தருவார்" என்ற வரி ஊரார் கண்ணிற் படுமென்று நினைத்திருந்தால், என் பேனா அதனை எழுதியிராது.

உத்தியோக நண்பர்களுக்கும் ஒரு சொல். பொதுமகன் ஒருவனின் சமத்துவ உரிமையை அரசு நிருவாகம் மீறினால், அவன் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அதற்குள்ள தவணை ஒரு மாதம். கிராமத்தவர் பலர் இதனை அறியுமுன்னே அந்த மாதம் கழிந்துவிடுகிறது. உங்கள் மேசைக்கு வருபவனுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது உங்கள் திணைக்களத்துக்குச் செய்யும் துரோகமாகாது.

அன்பர்களே, நம் கோரிக்கைகளில் ஒன்றையும் நான் குறைக்கச் சொல்லவில்லை. 29ஆம் பிரிவை நம்பி ஏமாந்த மக்கள் நாம். கோடீஸ்வரன் வழக்கில் வழங்கப்படாத தீர்ப்பு இன்றும் நமக்கு வரவேண்டிய கடனாகவே நிற்கின்றது. அந்தக் கடனைக் கேட்கத்தான் வேண்டும். உரத்த குரலிற் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கொழும்பின் வாசலிலே நாம் நின்று கேட்கும் அதே நேரத்தில், நம் வாசலிலே ஒருவன் நின்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு விடை சொல்லிவிட்டுப் போனால், அங்கே கேட்கும் நம் குரலுக்கும் வலிமை கூடும்.

அடுத்த வாரம் உங்கள் சிறுபோகக் கூட்டம் நடைபெறும் என்று தலைவர் சொன்னார். குளக்கட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அழைப்புப் போயிற்றா என்று இன்றிரவே கேட்டறியுமாறு அவரை வேண்டிக்கொள்கிறேன்.